திருநீற்றுப் பொட்டலமும் இன்னொரு பொட்டலமும்

லாரிப்பேட்டையில் ஆணுறை கொடுக்கும் வேலை பார்த்தவர்களே, வெட்கத்தைத் தொலைத்த இடம் நம் ஒவ்வொருவருக்கும் ஒன்று இருக்கும், என்னுடையது கோவை உக்கடம். தொண்ணூறுகளில், பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்ட பிறகு, எட்டாவது படித்த என்னை ஒரு சேவை அமைப்பில் சேர்த்துக்கொண்டார்கள். வண்டி போய்வருகிற பாதையிலேயே எய்ட்ஸும் ஊருக்குள் வருகிறது, டிரைவர்களிடம் பேசுங்கள் என்று ஒரு பையைக் கொடுத்து அனுப்பினார்கள்.

முதல் நாள்

சாமி கும்பிட்டுவிட்டுப் போய், பேட்டையில் பாய் ஒருவர் நடத்திய டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். பாய் டீயை வைத்துவிட்டு, பேச வசதியாக ரேடியோவைக்கூட நிறுத்தினார். நான் பையை மடியில் வைத்துக்கொண்டு டீயையே ஆற்றிக்கொண்டிருந்தேன். என் பையையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு டிரைவர் பாவப்பட்டுக் கேட்டார்: "ஏனுங்கக்கா, சொட்டு மருந்துங்களா? எங்க வண்டில கொழந்தைங்க யாருமில்லீங்களே."

மாறிப்போனது

நாலு பேர் முன்னால் வாங்கக் கூச்சப்படுகிறார்களே என்று ஆணுறைகளைச் செய்தித்தாளில் மடித்து வைத்தேன். கிருத்திகைக்கு மருதமலை போய்க் கொண்டுவந்த திருநீறும் அதே பையில், அதே மடிப்பில் கிடந்தது. மாறிப்போகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வெள்ளகோவில் மாரப்பன் (பெயரை மாற்றியிருக்கிறேன்) பம்பாய் லோடுக்குக் கிளம்பும்போது ஒன்றை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். என் மூத்தவன் வயது. பத்து நாள் கழித்து வந்து, கடையில் எல்லாரும் கேட்கச் சொன்னான்: "வழியில எறங்கிப் போயிப் பொட்டலத்தப் பிரிச்சா திருநீறுங்கம்மா! நெத்தில பூசிக்கிட்டு வண்டிக்கே வந்து படுத்துட்டேனுங்க."

மூன்று மாதம்

சிரிப்பு அடங்கியதும் தனியே கூப்பிட்டான். அவன் கல்யாணத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது. முந்தைய பயணங்களில் திருநீறும் இல்லை, உறையும் இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று வந்தது. நாங்கள் மூச்சு விடுவதற்குள் டாக்டர், "சமீபத்தில் தொற்றியிருந்தால் இப்போது தெரியாது. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், அதுவரை கல்யாணம் வேண்டாம்" என்றார். வெளியே வந்ததும் மாரப்பன் கேட்டான்: "பத்திரிக்கை குடுத்தாச்சுங்கம்மா. எங்காத்தாகிட்ட என்னன்னு சொல்றதுங்க?"

பூ கேட்டது

வண்டி சரியில்லை, உடம்பு சரியில்லை என்று ஆத்தாவிடம் என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். நாளைத் தள்ளுவதென்றால் அம்மனிடம் பூக் கேட்டுத்தான் தள்ளுவேன் என்றுவிட்டது அந்த அம்மா. சிவப்பரளி ஒரு தாளில், வெள்ளரளி ஒரு தாளில். அம்மன் முன் வைத்து ஒன்றை எடுத்துச் சிவப்பு வந்தால் தள்ளிவைப்பது, வெள்ளை வந்தால் நடத்துவது. மாரப்பன் என்னையும் கூட்டிப்போய், திருநீறு கொடுத்த அம்மா என்று ஆத்தாவிடம் சொல்லியிருந்ததால் என்னையே மடிக்கச் சொன்னார்கள். "ரெண்டுலயும் செவப்பையே வெச்சுப்போடுங்கம்மா" என்று காதோடு கெஞ்சினான் மாரப்பன். தெரியாமல் பொட்டலம் மாற்றிய எனக்கு, தெரிந்து மாற்றக் கை வரவில்லை. முருகா என்று ஒன்றில் சிவப்பும் ஒன்றில் வெள்ளையும் மடித்தேன்.

வெள்ளை வந்தது.

அந்த அம்மா பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. மாரப்பன் அப்படியே ஆத்தா காலடியில் உட்கார்ந்து, பம்பாய்ப் பாதையில் நடந்ததையும் டாக்டர் சொன்னதையும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டான். எனக்குத்தான் முதல் திட்டு என்று காத்திருந்தேன். பூவை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்த ஆத்தா சொன்னது: "நீ நெசத்தச் சொல்லோணும்னுதான் வெள்ளப்பூ வந்திருக்குது சாமி. பொண்ணூட்டுக்கு நானும் வாரேன், எந்திரி."

பெண் வீட்டில்

பெண்ணின் அப்பா கத்திய கத்தலில் பக்கத்துத் தோட்டத்து நாய் குரைத்தது. பெண் வெளியே வந்து, இப்போதே சொன்னவர் பின்னாலும் மறைக்கமாட்டார், ஆஸ்பத்திரிச் சீட்டு வரட்டும் என்று ஒரே பேச்சில் முடித்தாள்.

மூன்று மாதம் நான் ஏற்றாத விளக்கில்லை. சீட்டு நல்லபடியாக வந்தது, கல்யாணமும் நடந்தது. பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணின் அப்பா, இலையைப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டார்: "ஏனுங்கம்மா, எம்பட மூத்த மாப்ளையும் லாரிதானுங்க. அவருக்கொரு பொட்டலம் கெடைக்குங்களா?"

அன்றிலிருந்து திருநீற்றை வெள்ளைத் தாளிலும் உறையைச் செய்தித்தாளிலும் மடிக்கப் பழகிக்கொண்டேன். கொடுத்ததென்னவோ இரண்டையும் சேர்த்துத்தான்.