உள்ளே விசிறி உண்டா?

அலுவலகத்தில் அவருக்கு நகலார் என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. பட்டப்பெயர் வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. நாற்பதை நெருங்கும் இந்த மனிதர் பிறந்ததிலிருந்து புதிதாக எதையும் தொட்டதில்லை. அக்கா போட்டுக் கிழியாமல் மிஞ்சிய ஸ்வெட்டர், அக்கா அடிக்கோடு போட்டுப் படித்த பாடப்புத்தகம், அக்கா ஓட்டிய, குறுக்குக் கம்பி இல்லாத சைக்கிள். தெருப் பையன்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். அவருக்கு ரோஷமே வரவில்லை. சைக்கிள் ஓடுகிறதா இல்லையா, அவ்வளவுதானே! கடைசியில் அக்கா வேலை பார்த்த கம்பெனியிலேயே வேலைக்கும் சேர்ந்தார். சிபாரிசு யாருடையது என்று கேட்கவே வேண்டாம்.

ஒரு பொருளைச் செய்வதற்கு முன்னால் கணினிக்குள் செய்து பார்ப்பதுதான் அந்தக் கம்பெனியின் தொழில். திரையில் வரைந்த வடிவம் வெறும் பொம்மை. அது சூடேற வேண்டுமானால் வெப்ப மாட்யூலைச் சேர்க்க வேண்டும், வளைய வேண்டுமானால் விசை மாட்யூலை. ஒவ்வொரு மாட்யூலும் இயற்பியலில் ஒரு துண்டு. யாரோ ஒருவர் மாதக்கணக்கில் முதுகு வலிக்க உட்கார்ந்து எழுதியிருப்பார். எழுதி, கம்பெனிக் கணினியிலுள்ள பொது நூலகத்தில் வைத்துவிட்டால் யார் வேண்டுமானாலும் எடுத்துத் தன் மாடலில் போட்டுக்கொள்ளலாம். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது நகலாருக்கென்றே சொல்லி வைத்தது.

நூலகத்திலேயே பேர்போன வெப்ப மாட்யூல் அக்கா எழுதியது. நூலகத்துக்கே பொறுப்பாளராக அவளைப் போடப்போவதாகப் பேச்சும் இருந்தது. அக்கா உஷாரானவள். அவளுடைய மாட்யூலைப் புது மாடலில் சேர்த்தால் அது சும்மா வந்து உட்காராது, கேள்வி கேட்கும். மூடி இறுக்கமா? வெளியே வெயிலா? உள்ளே விசிறி உண்டா? பழைய மாடலின் பதில்கள் பக்கத்திலேயே இருக்கும். கடைசியில் ஒரு பொத்தான்: ‘எல்லாம் முன்போலவே’. இப்படி ஒரு தம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பொத்தானை அவள் வைத்திருக்கக் கூடாது.

மின்சாரச் சக்கர நாற்காலி ஒன்றுக்குப் பேட்டரிப் பெட்டி வடிவமைக்கும் வேலை நகலாரிடம் வந்தது. முன்பு சரக்கு வண்டிப் பெட்டிக்கு அவரே செய்த மாடல் கைவசம் இருந்தது. அதிலிருந்து அக்காவின் மாட்யூலை அப்படியே எடுத்துப் போட்டார். சரக்கு வண்டிப் பெட்டியில் விசிறி இருந்தது. நாற்காலியில் கிடையாது, இரைச்சல் தொந்தரவு என்று வாடிக்கையாளர் வேண்டாமென்றிருந்தார். கேள்வி வந்தது. நகலார் படித்தார். ‘இதில் விசிறி இல்லையே’ என்று மனசு சொல்லவும் சொன்னது. முதலில் ஓடட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விரல் பொத்தானை அழுத்திவிட்டது. திரையில் பெட்டி பச்சையும் நீலமுமாகக் குளுகுளுவென்று வந்தது. மேலாளர் முதுகில் தட்டிக்கொடுத்தார். தட்டு வாங்கிய முதுகோடு போய், நான் ஒரு கேள்விக்குப் பதிலை மாற்றவில்லை என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? அந்தப் ‘பிறகு’ வரவே இல்லை.

பெட்டி தயாராகி, நாற்காலியின் அடியில் பொருத்தப்பட்டது. கம்பெனி வடிவமைக்கும் நாற்காலிகளை ஓட்டிப் பார்க்க ஓர் அம்மா வருவார். அவரே நாற்காலியில் வாழ்கிறவர். ஓட்டக்கார அம்மா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். சரிவுப் பாதையில் மேலும் கீழுமாக ஓட்டிக்கொண்டிருந்தார். பெட்டி சூடேறியது. கெண்டைக்கால் அதில் ஒட்டியபடியே இருந்தது. அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்த பிறகுதான் குனிந்து பார்த்தார். அதற்குள் தோல் கொப்பளித்துவிட்டது.

விசாரணைக் கூட்டத்தில் மேலாளர் கேட்டார்: “கணக்குல சூடே இல்ல, கையில வந்ததும் இப்படிச் சுடுது. எப்படி?”

நகலாருக்கு எப்படி என்று தெரியும். தொண்டைவரை வந்தது. வாயைத் திறந்தால் வேறு வந்தது.

“வெப்ப மாட்யூல் அக்காவோடது சார். நான் அதுல எதையும் மாத்தல. அப்படியே போட்டேன்.”

ஒவ்வொரு சொல்லும் உண்மை. அதுதான் கொடுமை. எல்லாத் தலைகளும் அக்கா பக்கம் திரும்பின. அக்கா கோபப்படவில்லை. “நான் பார்க்கிறேன் சார்,” என்று மட்டும் சொன்னாள்.

நகலாருக்கு வீடு மேல்மாடி, அக்காவுக்குக் கீழ்மாடி. சாப்பாடு என்னவோ கீழேதான், கதவைக்கூடத் தட்டாமல் நேரே உள்ளே போய் உட்காருவார். அன்றும் தட்டு வைத்துவிட்டு அக்கா கேட்டாள்.

“ஃபேன் இல்லைன்னு மாத்தினியாடா?”

“மாத்தினேன்கா.”

“இன்னொரு தடவை ஓட்டிப் பாரேன்.”

“பார்த்துட்டேன். அதே அளவுதான் வருது.”

நாற்காலி மாடல் வாடிக்கையாளருடைய ரகசியம், வேறு பிரிவைச் சேர்ந்த அக்காவுக்கு அதைத் திறக்க அனுமதி இல்லை. தம்பியின் வாய்ச்சொல்தான் அவளுக்குச் சாட்சி. “சரி, அப்ப தப்பு என்கிட்டதான்,” என்று எழுந்து போனாள். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தான் மட்டும், “என்னய்யா, தட்டைப் பார்த்துக்கிட்டே இருந்தா வயிறு நிறைஞ்சிடுமா?” என்றார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். நகலாருக்குக் குறுகுறுப்பெல்லாம் தாண்டி, சோறே இறங்கவில்லை.

அக்காவின் மாட்யூலுக்கு நூலகத்தில் சிவப்புப் பட்டை கட்டினார்கள்: பயன்படுத்த வேண்டாம். பொறுப்பாளர் பேச்சு அப்படியே நின்றது. தினமும் காலையில் அவள் மேஜையைத் தாண்டித்தான் நகலார் தன் இடத்துக்குப் போக வேண்டும். தான் எழுதிய சமன்பாடுகளை அவள் வரிவரியாகத் துருவிக்கொண்டிருப்பாள். எல்லாம் சரியாகவே இருந்தது. சரியான ஒன்றில் தப்பைத் தேடுகிறவளைப் பார்ப்பதைப்போல ஒரு தண்டனை இல்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்? இன்று சொல்லிவிடலாம் என்று தினமும் நினைப்பார். அவள் நிமிர்ந்து, “சாப்டியாடா?” என்பாள். “ம்,” என்று சொல்லிவிட்டு நடப்பார்.

ஒரு நாள் காலை அக்கா அவர் இடத்துக்கே வந்தாள். முகத்தில் தெளிவு. கண்ணுக்குக் கீழே கறுப்பு.

“மாட்யூலைத் திருத்திட்டேன்டா. இன்னொருத்தர் படிச்சுப் பார்த்து ஒத்துக்கிட்டாத்தான் நூலகத்துக்குப் போகும். நீயே பார்த்துடு.”

நகலார் திறந்தார். விசிறி இல்லாத பெட்டிக்கான கணக்கில் ஒரு புது எண் உட்கார்ந்திருந்தது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத எண்.

“இது எங்கேருந்துக்கா வந்துச்சு?”

“எங்கேயும் தப்புக் கிடைக்கல. ஆனா அந்தம்மா கால் பொய் சொல்லுமா? நாற்காலி சுட்ட அளவுக்குக் கணக்கும் வரணும்னு இதைச் சேர்த்தேன்.”

அந்த எண் எங்கிருந்து வந்தது என்று நகலாருக்குத் தெரிந்தது. சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து தான் சொன்ன பொய்தான் அது. இனி நூலகத்துக்குப் போகும். எவனெவனோ எடுத்துத் தன் மாடலில் போடுவான், தன்னைப்போலவே கண்ணை மூடிக்கொண்டு. அக்கா எழுதிய சரியான மாட்யூல் அதோடு செத்துப் போகும், அவள் பெயரிலேயே.

திரையில் கேள்வி காத்திருந்தது: ஒத்துக்கொள்கிறீர்களா? நகலார் ‘இல்லை’யை அழுத்தினார்.

“ஏன்டா?”

“உன் கணக்குல தப்பு இல்லக்கா. ஃபேன் உண்டுன்னு விட்டது நான். மாத்தவே இல்ல. திரும்ப ஓட்டவும் இல்ல.”

அவள் திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

“எப்பத்திலேருந்து தெரியும்?”

“பொத்தானை அழுத்துறப்பவே.”

அடித்திருந்தால் தேவலை. அக்கா குனிந்து, அவர் கைக்கு மேலே கை நீட்டி, தான் சேர்த்த எண்ணைத் தானே அழித்தாள்.

“போன வாரம் அந்தம்மா வீட்டுக்குப் போயிருந்தேன்,” என்றாள். “என் தப்புன்னு மன்னிப்புக் கேட்டுட்டு வந்தேன்டா.”

மேலாளரிடம் நகலார் தானே போய்ச் சொன்னார். விசிறி இல்லை என்று மாற்றி ஓட்டியதும் பெட்டி திரையில் செக்கச்செவேலென்று சிவந்தது. அக்காவின் மாட்யூலில் பட்டை அவிழ்ந்தது. நகலாரிடமிருந்து மாடல்களைப் பிடுங்கிக்கொண்டார்கள். அதில் அவருக்கு வருத்தமில்லை. இரவுச் சாப்பாட்டுக்குக் கீழே கூப்பிடும் குரல் வராமல் போனதுதான் தாங்கவில்லை.

அந்த வாரமே ஓட்டக்கார அம்மாவின் வீட்டுக்குப் போனார். சின்ன முன்னறை, சுவரோரம் ஒரே ஒரு மர நாற்காலி. அந்த அம்மா காலில் வெள்ளைக் கட்டு. நகலார் உட்காரவில்லை. நின்றபடியே ஒன்று விடாமல் சொல்லி முடித்தார்.

முடிந்ததும் அந்த அம்மா மர நாற்காலியைக் காட்டினார்.

“உங்க அக்கா இதுலதான் உட்கார்ந்தாங்க. நான் எவ்வளவோ தேத்திப் பார்த்தேன், அழுகையை நிறுத்தவே முடியல.”

நகலார் அக்கா அழுது பார்த்ததில்லை. சின்ன வயதில்கூட இல்லை.

“என்னை மன்னிச்சிடுங்கம்மா.”

“என் கால் எனக்கு வலிக்கல தம்பி, அதை நான் மன்னிச்சிடுவேன்,” என்றார் அந்த அம்மா. “அவங்க அழுததை நான் எப்படி மன்னிக்கிறது?”

நகலார் வீடு திரும்பினார். கீழ்மாடிக் கதவுக்கு முன்னால் நின்று, வாழ்நாளில் முதல் முறையாக, அழைப்பு மணியை அடித்துவிட்டுக் காத்திருந்தார்.