சிப்புக்கு வைத்த பொட்டு

எண்பதுகளின் கடைசியில், என் பழைய கணினிக்குப் புதிய பிராசஸர் சிப் ஒன்றைச் சுங்கை ரோடு பக்கம் ஓர் எலக்ட்ரானிக் கடையில் வாங்கிக்கொண்டு ஆசையாக வீட்டுக்குள் நுழைந்தேன். அன்று சரஸ்வதி பூஜை என்பதை மறந்துவிட்டேன். மனைவி சிப்பையும் என் ஸ்க்ரூடிரைவரையும் பிடுங்கி, பிள்ளைகளின் புத்தகங்களோடு பூஜையில் வைத்துவிட்டாள். சிப்புக்குச் சந்தனம், குங்குமம் வேறு.

"நாளைக்குத்தான் தொடணும்," என்றாள்.

"எலக்ட்ரானிக் சாமான் லா. அதுக்குப் போய் யாராச்சும் பொட்டு வைப்பாங்களா?" என்று எரிந்து விழுந்தேன். அவள் சுண்டலை நீட்டினாள்.

மறுநாள் பூஜை முடிந்ததும் கணினியைத் திறந்து, பழைய சிப்பை நெம்பி எடுத்தேன். அதன் ஒரு முனையில் சின்னக் குழி இருக்கும். புதியதன் குழியும் அதே பக்கம் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் கருகிவிடும். தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அவசரத்தில் பக்கம் பார்க்காமல் புதியதை வைத்து அழுத்தப் போனேன்.

"பழசுல குழி சன்னல் பக்கம் இருந்துச்சு. இதுல பொட்டு சுவர் பக்கம் இருக்கே," என்றாள், பக்கத்தில் நின்ற மனைவி.

"பொட்டுக்கும் குழிக்கும் என்ன?"

"குழியைத்தான் நெத்தின்னு நினைச்சு வச்சேன்."

திருப்பிப் போட்டேன். கணினி பறந்தது. பொட்டை மட்டும் துடைக்கவில்லை. துடைத்தால் அடுத்த தடவை நெற்றி எது என்று எனக்குத் தெரியாது.