நடக்காத முகாமுக்கு முழு மதிப்பெண்

எங்கள் பல்கலைக்கழகத்தில் யாராவது ‘சமூக ஈடுபாடு’ என்று சொன்னால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது பேனர்தான். கூடுவது பத்துப் பேர் என்றாலும் பேனர் மட்டும் சுவர் அகலத்துக்கு இருக்கும். பேனர் வந்து சேரும் வரை நிகழ்ச்சி தொடங்காது. அதன் முன்னால் நின்று படம் எடுத்தாகிவிட்டால் நிகழ்ச்சி முடிந்த மாதிரிதான். நான் அந்தப் பல்கலைக்கழகத்தின் மட்டாஞ்சேரி மையத்துக்கு ஒருங்கிணைப்பாளர். எல்லாப் படத்திலும் ஓரத்தில் பாதி முகம் தெரிகிற பெண் நான்தான்.

மையம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். சுக்கு மூட்டை அடுக்கும் கிடங்கு ஒன்றின் மாடியில் ஒரே ஓர் அறை. செங்குத்தான மரப்படி. கீழே மூட்டை இறக்கினால் மேலே எல்லோரும் தும்முவோம். அறையில் இரண்டு கட்டில், கை தூக்கிப் பழக உத்தரத்தில் மாட்டிய ஒரு கப்பியும் கயிறும், மூலையில் என் மேசை. சனிக்கிழமைகளில் பிசியோதெரபி படிக்கும் மாணவர்கள் கலூர் வளாகத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, இந்தத் தெருக்களின் முட்டிவலி, இடுப்புவலி, தோள்வலி எல்லாவற்றையும் பார்ப்பார்கள்.

வருகிறவர்களில் பாதிப் பேர் என்னைப் போலத் தமிழ் வீட்டுக்காரர்கள். எங்கள் குடும்பம் இந்த மலையாள ஊருக்கு வந்து மூன்று தலைமுறையாகிறது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம் என்று வளர்ந்ததால் தமிழ் எழுதவே நான் வேலைக்கு வந்த பிறகுதான் ஒழுங்காகக் கற்றேன். என் எழுத்தைப் பார்த்தால் அண்ணனுக்கு இன்றும் சிரிப்புதான். சிரிக்கட்டும்.

ஒரு வாரமும் தவறாமல் வந்தது ஒரே ஓர் அக்காதான். மாநகராட்சியில் துப்புரவு வேலை. குப்பை வண்டியின் பின்படியில் நின்று போகும்போது விழுந்து வலது தோள் உடைந்துவிட்டது. எலும்பு கூடிவிட்டது, கை மட்டும் தோளுக்கு மேலே போகவில்லை. கையைத் தூக்கிக் காட்டி மருத்துவரிடம் சான்று வாங்கினால்தான் மறுபடி வேலையில் சேர முடியும். விடுப்போ தீர்ந்துகொண்டே வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வர ஒரு நாள் முழுதும் ஆகும். அங்கே கிடைப்பதோ கொஞ்ச நேரம். அதனால் அந்த மாடி அறையும் அந்தக் கயிறும்தான் அவருக்கு வழி. அவர் கயிற்றை இழுக்கும்போது உதட்டைக் கடித்துக்கொள்வார். அதைப் பார்க்காமல் நான் மேசையில் வேலை இருப்பதுபோல் குனிந்துகொள்வேன்.

இந்த நிலையில்தான் பல்கலைக்கழகம் தன் சமூக ஈடுபாட்டை அளந்து பார்க்க முடிவு செய்தது. வெளி மாவட்டத்திலிருந்து, தமிழ் பேசும் ஓர் ஓய்வுபெற்ற பேராசிரியையின் தலைமையில் குழு அமைத்தார்கள். மதிப்பெண் நன்றாக வரும் மையங்கள் தொடரும், மற்றவை கல்வியாண்டு முடிவில் மூடப்படும் என்று சுற்றறிக்கை வந்தது. வேறு துறை மாணவர்கள் கழுத்தில் அடையாள அட்டையோடு வந்து, எங்கள் தெருக்களில் வீடு வீடாகக் கேள்வி கேட்டார்கள். ஒவ்வொரு சேவைக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண்.

எல்லா வீட்டிலும் எல்லாவற்றுக்கும் ஐந்து.

செய்தி கேட்டதும் நான் குதிக்காத குறை. பக்கத்துக் கடைக்காரர்களுக்கெல்லாம் சாயா வாங்கிக் கொடுத்தேன். அந்தச் சந்தோஷம், பேராசிரியை என்னைக் கூப்பிட்டனுப்பும் வரைதான்.

“கண் பரிசோதனை முகாமுக்கும் எல்லாரும் ஐந்து போட்டிருக்காங்க. அந்த முகாம் எப்போ நடந்தது?” என்று கேட்டார்.

நான் விழித்தேன். அப்படி ஒரு முகாம் நடக்கவே இல்லை. பதில்கள் உண்மையா என்று பார்க்கக் குழு வேண்டுமென்றே நடுவில் செருகிய கேள்வி அது. யாரோ உட்கார்ந்து தாங்களே நிரப்பிக் கொடுத்த மாதிரி இருக்கிறது என்றார். அந்த ‘யாரோ’வைச் சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார். இதை வைத்து மையத்தைத் தொடரச் சொல்ல முடியாது, மூடச் சொல்லித்தான் எழுத வேண்டியிருக்கும் என்றார்.

நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“அக்கா, கண்ணு முகாம் எப்ப நடந்தது?”

“நடக்கலியே டீச்சரே.”

“பின்னே எதுக்கு அஞ்சு போட்டீங்க?”

“கேள்வி கேக்க வந்த குட்டி வெயில்ல நின்னு கேட்டுது. முகமெல்லாம் செவந்து போச்சு. கொறச்சுப் போட்டா அதுக்கு மார்க்கு போவும்ல?”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மார்க் போடச் சொன்னது அந்தப் பெண்ணுக்கு என்று நினைத்திருக்கிறார்கள்! படிக்கிற பிள்ளை, புத்தகப்பை, கையில் பேனா, பரீட்சையாகத்தானே இருக்கும். தெரு முழுக்க ஒரே முடிவாக, எந்தப் பிள்ளையையும் தோற்கவிடக் கூடாது என்று வாரி வழங்கியிருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, “கண்ணு முகாம் வந்தா நல்லதுதானே, அதான் நானும் அஞ்சு சொன்னேன்” என்றார்.

“உங்க நல்ல மனசால மையத்த மூடப் போறாங்க!” என்று கத்தினேன். கத்தியே விட்டேன். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும், அது மட்டாஞ்சேரி முழுக்கத் தெரியும். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அக்கா மட்டும் இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“பூட்டிட்டா என் கையி?” என்றார்.

திரும்பி வரும் வழியில் கோபம் இறங்கி பயம் ஏறியது.

அடுத்த நாள் பேராசிரியையிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை. “நீங்க சொல்றது உண்மையாவும் இருக்கலாம். ஆனா எனக்கு அதுக்கு ஆதாரம் வேணும். நானே வர்றேன். அவங்க வாயால மையத்தோட குறையைச் சொல்லட்டும், அப்போ நம்பறேன். இந்த உலகத்தில குறையே இல்லாத ஒரு சேவை கிடையாது” என்றார். கெஞ்சாமலே ஒரு வாய்ப்பு கிடைத்ததில் எனக்கு நம்பிக்கை வந்தது.

வீடு வீடாகப் போய் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: மனதில் இருக்கிறதைச் சொல்லுங்கள். இன்னதைச் சொல்லுங்கள் என்று எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுத்தால் அது இன்னொரு பேனர்.

அந்தச் சனிக்கிழமை பேராசிரியை மூச்சு வாங்க மரப்படி ஏறி வந்தார். எல்லோரும் நல்ல புடவையில் வந்திருந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மா நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்து, சூடாகப் பழம்பொரி கொண்டுவந்திருந்தார். விருந்தாளிக்கு விசிறி, விருந்தாளிக்கு நாற்காலி. பேராசிரியை நோட்டைத் திறந்து, தயங்காமல் சொல்லுங்கள், இங்கே என்ன குறை என்று கேட்டார்.

“ஒரு கொறையும் இல்ல மேடம்.”

“பிள்ளைங்க தங்கமான பிள்ளைங்க.”

“உங்க புண்ணியத்துல எல்லாம் நல்லா நடக்குது.”

கேள்வி சுற்றி வந்து அக்காவிடம் நின்றது. “எனக்கு நல்ல சொகம் மேடம்” என்றார், தூக்க முடியாத கையை மடியில் வைத்துக்கொண்டு. எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. பேராசிரியை பேனாவை மூடினார்.

அப்போதுதான் படியில் தடதடவென்று சத்தம். அக்காவைப் பார்க்கும் பிசியோதெரபி மாணவி, தோப்பும்படியில் பஸ் மாட்டிக்கொண்டதால் நேரம் கழித்து, வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தாள். மலையாளப் பெண். இங்கே வந்து கற்ற அரைத் தமிழ்.

அக்கா எழுந்தே விட்டார்.

“வா மோளே, வா! போன சனியாழ்ச்ச எங்க போன? நான் இந்தக் கையத் தூக்கிட்டு வந்து, ஒரு மணிக்கூர் இருந்து, திரும்பிப் போனேன். ஒரு போன் பண்ணா என்ன, உன் வாய் தேஞ்சா போவும்?”

“பரீட்சை ஆயிருந்நு சேச்சி…”

“பரீட்சைன்னா சொல்லிட்டுப் போ! உன்ன நம்பித்தான என் வேல கெடக்கு?”

மாணவி பையைக் கீழே வைத்து இடுப்பில் கையை வைத்தாள். “செரி, தெற்று, என்மேல தப்பு. சேச்சி வீட்டுல எக்சர்சைஸ் செஞ்சோ? உண்மை பறயணும். தோள் கண்டா எனிக்கு தெரியும்.”

“செஞ்சேன்.”

“எத்தன நாள்?”

அக்கா பதில் சொல்லும் முன்பே பக்கத்து வீட்டு அம்மா, “எங்க செஞ்சா, டீவி பாத்துட்டு இருந்தா!” என்று போட்டுக்கொடுத்தார். அறையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை, பேராசிரியையின் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது திறந்திருந்தது.

அக்காவின் கோபம் அடங்கவில்லை. “இவளாவது இருக்கா. இதுக்கு முன்னால ஒருத்தன், அதுக்கு முன்னால ஒருத்தி. கையி ஒருத்தர்கிட்ட பழகும்போ அவங்க போயிடுவாங்க. புதுசா வர்றவங்க முதல்லேருந்து கேப்பாங்க, எப்ப விழுந்தீங்க, எங்க விழுந்தீங்கன்னு. விழுந்த கதையச் சொல்லியே எனக்கு அலுத்துப் போச்சு!”

“நீங்க இப்போ சொல்றது எங்க திட்டத்தில இருக்கிற குறைதானே?” என்று பேராசிரியை மெதுவாகக் கேட்டார்.

அக்கா பதறிப் போனார். “ஐயோ மேடம், உங்கள நான் ஒண்ணும் சொல்லல. இவளத்தான் சொல்றேன்.”

“இவளும் பல்கலைக்கழகம்தானே?”

“இவளா? இவ நம்ம குட்டில்ல!”

பேராசிரியை நோட்டை மடியில் வைத்தார். பிறகு தன் நாற்காலியை மாணவி பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, எல்லோரையும் பார்த்து, “அப்போ நான் ஒண்ணும் கேக்கலை. நீங்க இவகிட்டயே சொல்லுங்க” என்றார்.

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. காலையில் எல்லோரும் வேலையில் இருக்கும்போது மையத்தைத் திறந்தால் யார் வருவது? மலையாளத்தில் அச்சடித்த பயிற்சித் தாளை வைத்துக்கொண்டு வயதானவர்கள் என்ன செய்வது? கடைசியில் கனத்த உடம்புக்கார அம்மா ஒருவர், இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததைப் போட்டு உடைத்தார்: “முட்டிவலிக்கு மருந்து மாடியில இருந்தா, முட்டிவலிக்காரி எப்படி மோளே ஏறி வர்றது?”

பேராசிரியை, தான் மூச்சு வாங்க ஏறி வந்த படியைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். இதே படியில் தினமும் ஏறி இறங்கும் எனக்கு இது தோன்றவே இல்லை. அந்த அம்மா ஏன் வாரம் விட்டு வாரம் வருகிறார் என்பதற்கு, ஆர்வக்குறைவு என்று அறிக்கையில் நான்தான் எழுதியிருந்தேன். வெட்கமாக இருந்தது, கூடவே ஒரு பெரிய நிம்மதியும். திட்டுகிறார்கள், கடைசியில் திட்டுகிறார்கள் என்று மனது கூத்தாடியது.

பேராசிரியை போகும்போது படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: “ஐந்துக்கு ஐந்து போட்டது, நாங்க அவங்களுக்கு வெறும் விருந்தாளிங்கன்னு காட்டுச்சு. இன்னிக்குத்தான் உங்க மையம் எவ்வளவு தூரம் இவங்களுக்குள்ளே போயிருக்குன்னு தெரிஞ்சுது.” பழம்பொரியை ஒரு காகிதத்தில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

மையத்துக்கு இன்னும் ஒரு வருடம் கிடைத்தது. மதிப்பெண் முறையை எடுத்துவிட்டார்கள். இனி மாதம் ஒரு முறை கூட்டம். எத்தனை குறை சொன்னார்கள், அதில் எத்தனை தீர்ந்தது என்பதுதான் அளவு. குறையே வராத மாதத்துக்கு நான் விளக்கம் எழுத வேண்டும். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து எனக்கு இவ்வளவு பிடித்த விதி வேறு இல்லை. மாணவர்கள் ஒரு வருடம் முழுதும் ஒரே இடத்தில் இருக்கலாம் என்று துறை ஒத்துக்கொண்டது. அக்காவைப் பார்க்கும் மாணவி இங்கேயே இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தாள்.

கிடங்குக்காரரிடம் பேசிக் கீழ்த்தளத்தில் முன்னறையைக் கேட்டு வாங்கினோம். கட்டிலை இறக்கினோம், கப்பியை இறக்கினோம். கனத்த அம்மா முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். ஆனால் காயல் தண்ணீர் ஏறுகிற நாட்களில் முன்னறைத் தரை நனைந்துவிடும். அடுத்த கூட்டத்தில் அதுவே முதல் குறையாக வந்தது. சந்தோஷமாக எழுதிக்கொண்டேன், கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்தோம்.

அக்கா கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தார். மாணவி சனிக்கிழமை நேரிலும் மற்ற நாட்களில் போனிலும் விரட்டினாள். இரண்டு பேரும் சண்டை போடாத வாரம் எனக்கு ஞாபகமில்லை. கை காதுவரை போயிற்று. பிறகு அங்கேயே நின்றுவிட்டது. விடுப்பு முடிய இன்னும் கொஞ்ச நாள்தான். அடுத்த வாரம் மருத்துவர் முன்னால் போய் நிற்க வேண்டும். அக்கா இப்போது சண்டைகூடக் குறைவாகத்தான் போட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்த மாதக் கூட்டத்தில் வழக்கம்போல் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எனக்கு வழக்கம்போல் கோபம் வந்தது.

“ஒருத்தர் ஒருத்தரா பேசுங்க! கொறை இருக்கிறவங்க கையத் தூக்குங்க!” என்று கத்தினேன்.

பின் வரிசையில் ஒரு கை எழுந்தது. வலது கை. தோளைத் தாண்டி, காதைத் தாண்டி, நேரே மேலே போய் நின்றது. கண்ணாடி வளையல்கள் சரிந்து முழங்கைவரை வந்தன. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்த மாணவி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் நோட்டை எடுத்தேன். பக்கத்தைத் திறந்து, “என்ன கொறை அக்கா?” என்றேன்.

“கொறை ஒண்ணும் இல்ல டீச்சரே. போவுதான்னு பாத்தேன்” என்றார். கையை இறக்கவில்லை.

அந்த மாதக் குறைகளின் கணக்கில் அதையும் ஒன்றாகச் சேர்த்து, பக்கத்தில் ‘தீர்ந்தது’ என்று எழுதினேன்.