சிங்க்குக்கும் பொட்டு

மைசூரில் ஆயுதபூசையன்று ஆட்டோவுக்கு மட்டுமல்ல, தரைதுடைக்கும் வாளிக்கும் பொட்டு உண்டு. அப்பா வேலை பார்த்த கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் தராசு, அடுப்பு, கடைசியில் சிங்க் வரைக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். அப்பா அங்கே தற்காலிக அட்டெண்டர். அடுத்த மாதம் நிரந்தரமாக்கிவிடுவார்கள் என்று எங்கள் வீட்டில் பல அடுத்த மாதங்கள் கழிந்திருந்தன.

பூசைக்கு முந்தின நாள் அவரோடு நானும் போயிருந்தேன். மூன்றாவது படித்துக்கொண்டிருந்த சமயம். அலமாரி நிறைய லேபிள் உரிந்த பழைய பாட்டில்கள். கெமிஸ்ட்ரி சார் வாசலில் நின்றபடியே, "தண்ணி விட்டு சிங்க்ல ஊத்திடுப்பா, ஏனூ ஆகல்ல" என்றார். ஒன்றும் ஆகாதென்று கன்னடத்தில் அபயம் அளித்துவிட்டு, தோரணம் கட்டுவதை மேற்பார்வையிடப் போய்விட்டார்.

அப்பா ஊற்றினார். பழைய ஆசிட் வடியாமல் சிங்க்கில் தேங்கி நின்றது. பொட்டு வைக்கிற இடம் கறையோடு இருக்கலாமா என்று அதன் மேலேயே ப்ளீச்சிங் பவுடரை அள்ளிப் போட்டார். எங்கள் லைன் வீட்டுக் கக்கூஸை அவர் அந்தப் பவுடரால்தான் பளபளவென்று வைத்திருந்தார். மஞ்சளும் பச்சையுமாகப் புகை எழும்பியது. எனக்கு அது அழகாகத்தான் இருந்தது. அப்பா என்னைக் கதவுக்கு வெளியே தள்ளிவிட்டு, ஜன்னல்களைத் திறக்கத் திரும்பி ஓடினார். ஒன்றைத் திறந்தார், அங்கேயே சுருண்டு விழுந்தார்.

தகவல் கேட்டு ஓடிவந்த அம்மாவை ஆஸ்பத்திரி வாசலிலேயே சார் மடக்கினார்.

"காலேஜ்ல ஆச்சுன்னு சொல்லாதீங்கம்மா. பர்மனென்ட் ஆகற டைம். அவருக்குத்தான் கஷ்டம்."

உள்ளே டாக்டர் கேட்டபோது அம்மா, "வீட்டு பாத்ரூம் கழுவறப்ப ஆயிடுச்சு சார்" என்றாள். பொய் சொன்னால் வாயில் சூடு போடுவேன் என்று என்னை மிரட்டுகிற அம்மா! அதுவும் எங்களுக்கென்று ஒரு பாத்ரூமே கிடையாது, லைன் முழுவதற்கும் ஒன்றுதான்.

"எதையும் எதோடயும் கலக்கறது. எத்தனை சொன்னாலும் உங்களுக்கெல்லாம் புத்தி வராது" என்று டாக்டர் சலித்துக்கொண்டார். பிறகு, மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்த அப்பாவிடம் குனிந்து, "வீட்லதானே?" என்று கேட்டார்.

அந்த வேலை கடைசிவரை நிரந்தரமாகவில்லை. இருமல் மட்டும் நிரந்தரமாயிற்று, நான் பத்தாவது முடிக்குமுன் அவரையே கொண்டுபோயிற்று.

டாக்டரின் கேள்விக்கு அப்பா அன்று அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஆமாம் என்று தலையாட்டினார். பேச மூச்சில்லாததால்தான் மறுக்காமல் தலையாட்டுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.