குளோரின் அக்கா

கேட்டுக்கொண்டெல்லாம் வருவதில்லை. திரையை விலக்குவார், நம் குடத்தின் மூடியைத் திறப்பார், மூக்கை உள்ளே விட்டு ஓர் இழுப்பு. மருந்து வாடை வந்தால் மூடிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். வராவிட்டால் அன்று நாம் தொலைந்தோம். "எங்க போயி மொண்டுக்கிட்டு வந்தீங்க? வயித்தால போகட்டும், அப்பத் தெரியும் என் அருமை!"

வீடு என்றது பழக்கதோஷம். சண்டைக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிவந்த நாங்கள் இருப்பது ஒரு பள்ளிக்கூடத்தில். வகுப்பறைக்கு நான்கு குடும்பம், நடுவே போர்வைகள்தாம் சுவர். லாரியில் வரும் தண்ணீரைக் கறுப்புத் தொட்டியில் நிரப்பி, மருந்து கலந்து, எல்லோரையும் அரை மணி நேரம் காக்கவைத்துவிட்டுக் குழாயைத் திறப்பது இந்த அம்மாளின் வேலை. அதனால் குளோரின் அக்கா. வயதில் மூத்தவர்களுக்கும் அக்காதான்.

ஊரில் அழகு நிலையம் வைத்திருந்தவர். சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீரைப் பிடித்து ஒரு மாத்திரை போடுவார். ரோஸ் நிறம் வந்தால் மருந்து ஏறியிருக்கிறது என்று பொருள். அதை வெயிலில் தூக்கிப் பிடித்து, மணப்பெண்ணின் உதட்டுச் சாயத்தைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். "ம்ஹும், வெளுத்துப்போன ரோஸ். இன்னும் கொஞ்சம் தூக்கலா வேணும்."

"அக்கா, நாக்கு வறண்டு நிக்கிறோம், நீங்க தண்ணிக்கு மேக்கப் போடுறீங்களே!" என்று வரிசை அலறும்.

"மருந்துக் கடைக்குப் போனா மருந்து இல்லங்கறான். தண்ணி குடிக்க வந்தா மருந்தா இருக்கு" என்பார் ஒரு பெரியவர்.

பள்ளியின் பின்னால் ஒரு கிணறு. தண்ணீர் கற்கண்டு. அதை ஒட்டியே எங்களுக்காக வெட்டிய கழிப்பறைக் குழிகள். இரண்டுக்கும் உள்ளே என்ன உறவு என்பதை அக்கா தொண்டை கிழியக் கத்தியதால்தான் யாரும் கிணற்றில் வாளி விடாமல் இருந்தோம்.

போன மாதம் அதிகாரிகள் வந்தார்கள். பாதுகாப்பான குடிநீரின் அவசியத்தை விளக்கு விளக்கென்று விளக்கினார்கள். தொண்டை காய்ந்தபோதெல்லாம் காரிலிருந்து வந்த பாட்டிலைத் திறந்து நனைத்துக்கொண்டார்கள். அக்கா ஒரு டம்ளரில் குழாய்த் தண்ணீரை நீட்டினார். "சார், நீங்க ஒரு வாய் குடிச்சிட்டா சனங்களுக்கு நம்பிக்கை வரும்."

பெரிய அதிகாரி டம்ளரை உதடுவரை கொண்டுபோனார், சிரித்தார். படம் எடுத்தாயிற்று என்று தெரிந்ததும் ஒரு சொட்டுக்கூடக் குறையாமல் திருப்பிக் கொடுத்தார். "இப்பத்தாம்மா குடிச்சேன்."

சனங்களுக்குக் கண் இல்லையா? மறுநாள் குழாயடியில் பாதி வரிசைதான். மீதிப் பாதி கிணற்றடியில்.

ஒரு வாரம் போவதற்குள் மருத்துவக் கூடாரத்தில் பாய் விரிக்க இடமில்லை. முதலில் குழந்தைகள் வந்தன. பின்னாலேயே, இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க, அக்காவின் வீட்டுக்காரர் வந்தார். ஒரு காலத்தில் பஸ் ஓட்டியவர். வீட்டில் மட்டும் ஹாரன் அடிக்க உரிமை இல்லாதவர்.

"நான் ஊருக்கே கலக்கித் தர்றேன். நீங்க திருட்டுத்தனமாக் கிணத்துக்குப் போனீங்களா?"

"வாடை அடிக்குது புள்ள" என்றார் அவர், கேட்டும் கேட்காத குரலில். "அந்த சாரே குடிக்கலையே."

வேறொருத்தியாக இருந்தால் வெளியே தெரியாமல் மூடி மறைத்திருப்பாள். அக்கா நேரே கிணற்றடிக்குப் போய், நின்றவர்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். "பாருங்க, நல்லாப் பாருங்க. என் புருஷன்தான். கிணத்துத் தண்ணி குடிச்ச மகராசன். கண்ணு ரெண்டும் எங்க போயிக் கிடக்குன்னு பாருங்க!"

மனுஷன் வெட்கத்தில் போர்வையை முகத்துக்கு இழுத்தார். அக்கா கீழே இழுத்தார். அதிகாரிகள் ஒட்டிவிட்டுப் போன, குழந்தை சிரிக்கும் விளம்பரத்தால் ஆகாதது, அந்தக் குழிவிழுந்த கண்களால் ஆயிற்று. மாலைக்குள் கிணற்றடி காலி. குழாயடியில் யார் முன்னால் என்று குடங்கள் மோதிக்கொண்டன.

வேடிக்கை பார்த்த கூட்டம் கலைந்தபின், உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரோடு அக்கா பாயில் உட்கார்ந்தார்.

"இதுலயும் அந்த வாடைதானா?"

"அதே வாடைதான். வாயத் திறங்க."

திறந்தார். அக்கா இரண்டு விரலால் அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு கரண்டியை நீட்டினார். பாதித் தண்ணீர் அவருடைய தாடையில் வழிந்தது; அதை முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடியும் கரண்டியை நீட்டினார்.