நாலாவது துண்டு

இப்போது வரும் பிக்கப்புகளில் மேனிஃபோல்டே பிளாஸ்டிக். இஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுபோகிற அந்த நாலு கால் குழாயைத்தான் சொல்கிறேன். பார்த்தாலே எரிச்சலாக வருகிறது. அந்தக் காலத்து மேனிஃபோல்டைக் கழற்றித் தரையில் வைத்தால் அடுப்படி வரை தொம்மென்று கேட்கும். அதைக் கேட்டுத்தான் நான் டீக்குத் தண்ணீர் வைப்பேன். அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் ஏக்கமாக இருக்கிறது.

யாங்கூனில் என் வீட்டுக்காரர் சொந்தப் பட்டறை போட்டதும் வந்த முதல் பெரிய வேலை, தன்லியினுக்கு ஆள் ஏற்றுகிற ஒரு பிக்கப். ஓட்டுநர் பர்மாக்காரர். கண்ணாடி ஓரம் பூ வைத்துக் கும்பிடாமல் சாவி போட மாட்டார். மேனிஃபோல்டின் கேஸ்கட் கிழிந்து காற்று கசிந்தது, மாற்ற வேண்டும். வேலை நன்றாக அமைந்தால் பிக்கப் ஸ்டாண்டு முழுக்கப் பேர் பரவும். கெட்டால் அதைவிட வேகமாகப் பரவும்.

மேனிஃபோல்டைக் கழற்றினால் இஞ்சினில் நாலு துளை வாயைத் திறந்துகொண்டு நிற்கும். நட்டு கிட்டு உள்ளே விழாமல் துணி அடைப்பார்கள். "நாலு துண்டு துணி குடு" என்றார் வீட்டுக்காரர். கையில் அகப்பட்டது என் பழைய தமேங். பெண்கள் இடுப்பில் கட்டுகிற பர்மாக் கைலி அது. பச்சையில் மஞ்சள் பூப் போட்டது. கிழித்துக் கொடுத்தேன்.

எல்லாம் பூட்டிய பிறகு வண்டி மூன்று சிலிண்டரில் நொண்டியது. இவர் பிளக்கைப் பார்த்தார், வயரைப் பார்த்தார், கார்பரேட்டரைத் திட்டினார். ஓட்டுநர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். நான் கொல்லையில் அழுக்குத் துணியை ஊறப் போடும்போது எண்ணிப் பார்த்தேன். பச்சைத் துண்டு மூன்றுதான் இருந்தது.

ஒன்றை இவர் உள்ளேயே மறந்ததுகூடப் பெரிதில்லை. கொடியில் காயும் தமேங்குக்கு அடியில் நடந்தாலே ஆண்பிள்ளைக்கு மகிமை போய்விடும் என்று நம்புகிற ஊர் இது. பூ வைத்துக் கும்பிடுகிற வண்டியின் வயிற்றிலிருந்து அதை உருவினால் அந்த மனிதர் தாங்குவாரா? பட்டறையும் அன்றோடு முடிந்தது.

கிட்டே போய், உப்பு தீர்ந்ததைச் சொல்வதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு தமிழில் சொன்னேன். "என் தமேங் துண்டு ஒண்ணு உள்ளயே இருக்கு."

"நாலையும் எடுத்துட்டேன், போடி."

"அப்ப நாலாவது எங்க? காக்கா தூக்கிட்டுப் போச்சா?"

இவர் முகம் வெளுத்தது. நான் ஓட்டுநரிடம் பர்மிய மொழியில், இன்னும் நேரமாகும், டீக்கடையில் போய் உட்காருங்கள் என்றேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து போனார். இவர் மறுபடி எல்லாவற்றையும் கழற்றிக் குறடால் துண்டை உருவினார். நான் அதை மடியில் ஒளித்துக்கொண்டேன். நாலு சிலிண்டரும் ஓடியது. அப்பாடா என்றிருந்தது. ஓட்டுநர் திரும்பி வந்தபோது கையில் புதுப் பூ இருந்தது. காலையில் வைத்ததை எடுத்துவிட்டுப் புதிதை வைத்துக் கும்பிட்டு வண்டியை எடுத்தார். மார்க்கெட் பக்கம் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் அவரே வந்தார், கூட இன்னும் இரண்டு ஓட்டுநர்களைக் கூட்டிக்கொண்டு. என் கையில் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். "சயாகதோ, இனிமே வண்டிக்கு இதக் கிழிச்சுக்கோங்க" என்றார் பர்மிய மொழியில். மெக்கானிக்கை மரியாதையாகச் சயா என்பார்கள், அவர் பெண்டாட்டி சயாகதோ. பிரித்தேன். உள்ளே துவைத்து மடித்த பழைய கைலிகள், அத்தனையும் ஆண்கள் கட்டுகிற கட்டம் போட்டவை.

அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு நான் மறைத்துப் பேசிய தமிழில், தமேங் என்ற ஒன்று மட்டும் அவர் ஊர்ச் சொல்.