ஆனெஸ்திஸின் மனையில் மூன்று குழிகள்

ஸ்தமாத்தா எங்கள் எதிர்வீட்டுக்காரி. பழங்கால நகரமான எங்கள் ஆர்கோஸில் ஆரஞ்சுப் பழம் தரம் பிரிக்கும் கொட்டகையில் இருபத்தாறு வருஷமாக வேலை செய்கிறாள். ஒரே மகன் ஆனெஸ்திஸ், எலக்ட்ரீஷியன். வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி மனையை அவன் பெயருக்கே எழுதி வைத்திருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்பு அதில் வீடு கட்டிவிட வேண்டும் என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

எங்கள் ஊரில் நினைத்தவுடன் அஸ்திவாரம் தோண்ட முடியாது. தொல்லியல் துறையினர் முதலில் வந்து சோதனைக் குழி வெட்டிப் பார்ப்பார்கள். சுவரோ கல்லறையோ தட்டுப்பட்டால் வீடு அவ்வளவுதான். அவனுக்கு முன்னால் வரிசையில் எத்தனையோ மனைகள். மனு கொடுத்துவிட்டு இரண்டு வருஷம் நடையாக நடந்தான். போய் வரும்போதெல்லாம், அடியில் யாரும் இல்லாமல் இருக்கணும் அத்தை என்று என்னிடம் சொல்வான்.

பிப்ரவரியில் ஒரு காலை அவன் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். முப்பத்தொரு வயது.

நாற்பதாம் நாள் நினைவுப் பூசைக்கு எங்கள் வழக்கப்படி கோதுமை அவித்துக் கோயிலில் கொடுத்தார்கள். அதே வாரம் அவன் பெயருக்குக் கடிதம் வந்தது. குழி வெட்ட வருகிறோம், மனையைத் திறந்து வையுங்கள் என்று எழுதியிருந்தது. போன் பண்ணி வேண்டாம் என்று சொல்லிவிடு என்றார் அவள் கணவர் பனாகிஸ். சரி என்றாள். ஆனால் போன் பண்ணவில்லை. அவர்கள் வரும் நாளன்று காலை வேலியின் பூட்டைத் திறந்து வைத்தாள்.

வந்தவள் இஸ்மீனி என்ற இளம் ஆய்வாளர். உடன் மண்வெட்டியோடு இரண்டு ஆட்கள், மண் தோண்டும் எந்திரம் ஓட்ட லூக்காஸ். லூக்காஸ் வெளியூர்க்காரர், கலகலப்பானவர். "இந்த ஊர்ல கக்கூஸுக்குக் குழி வெட்டினாலும் எவனாவது ராஜா குந்திக்கிட்டு இருப்பான்மா," என்றார். ஸ்தமாத்தா அவருக்குக் காப்பி கொடுத்தாள்.

மூன்று நாள் வெட்டினார்கள். கொட்டகைக்கு லீவு சொல்லிவிட்டு அவள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கறுப்பு மண், பிறகு மஞ்சள் களிமண், அதற்கும் கீழே சரளை. நான் துணைக்குப் போய் உட்கார்ந்தேன். பனாகிஸ் அந்தப் பக்கமே வரவில்லை.

மூன்றாம் நாள் மதியம் இஸ்மீனி மண் படிந்த முழங்காலோடு மேலே ஏறி வந்தாள். முகத்தில் சிரிப்பு.

"ஒண்ணும் இல்லம்மா. ஒரு ஓட்டுத்துண்டுகூட இல்ல. இந்தத் தெருவுல இப்படி அமையறதே அதிசயம். தாராளமா வீடு கட்டலாம்."

"சரி," என்றாள் ஸ்தமாத்தா.

"மனை உங்க பையன் பேர்லதான இருக்கு? இதுல அவர் ஒரு கையெழுத்துப் போடணும். எப்ப வருவாரு?"

"அவன் பிப்ரவரியில செத்துட்டான்."

இஸ்மீனி கையிலிருந்த தாளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். லூக்காஸ் எந்திரத்தை அணைத்துவிட்டார்.

"ஏம்மா முன்னாடியே சொல்லல? நாங்க வந்திருக்கவே மாட்டோமே."

"அதான் சொல்லல. ரெண்டு வருஷமா கேட்டுட்டே இருந்தான். என்ன பதில்னு தெரிய வேணாமா?"

அவள் அழவில்லை. குழிகளை எப்போது மூடுவீர்கள் என்று கேட்டாள். இப்போதே என்றார் லூக்காஸ். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு மூன்று குழிகளையும் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தாள். கடைசிக் குழியின் ஓரத்தில் வெகுநேரம் நின்றாள். அவள் திரும்பியதும் எந்திரம் மண்ணைத் தள்ள ஆரம்பித்தது.

குழியைப் பார்த்து என்ன நினைத்தாய் என்று பிறகு ஒருநாள் கேட்டேன். ஏதாவது மனசுக்குத் தோன்றும் என்றுதான் நின்றாளாம். "ஒண்ணுமே தோணல. கால் வலிச்சுது, வந்துட்டேன்," என்றாள்.

குழிகளை மூடிய மறுநாள் காலையே அவள் வேலைக்குப் போயிருந்தாள். அது ஆரஞ்சுப் பருவத்தின் கடைசி வாரம், பழம் நிறைய வந்திருந்தது.